ராமேஸ்வரத்தைக் காணாமலே எழுதியவர்: எடையையும் தூரத்தையும் அளந்த அல்பிரூனி

சோழ நாட்டை முதலாம் ராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்த காலம். இங்கிருந்து ஆயிரம் மைல்களுக்கும் அப்பால், இன்றைய ஆப்கானிஸ்தானின் கஸ்னி நகரத்தில் உட்கார்ந்து ஓர் அறிஞர் நம் கடற்கரையைப் பற்றி அரபியில் எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் தஞ்சாவூர் என்று கருதும் ஓர் ஊரிலிருந்து ராமேஷருக்கு 40 பர்ஸக், ராமேஷரிலிருந்து சேதுபந்தத்துக்கு 2 பர்ஸக் என்று அவர் தூரம் குறித்திருக்கிறார். ராமேஷர் என்பது நம் ராமேஸ்வரம். ஒரு பர்ஸக் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 40 பர்ஸக் என்றால் 240 கிலோமீட்டர். தஞ்சையிலிருந்து பஸ்ஸில் ராமேஸ்வரம் வந்தவர்களுக்குத் தெரியும், இன்றைய சாலைத் தூரமும் கிட்டத்தட்ட அதுதான்.

சேதுபந்தம் என்பது ராமர் கட்டியதாக இந்து மக்கள் நம்பும் பாலம் என்றும், இப்போது அது தனித்தனித் திட்டுகளாக நிற்கிறது, இடையில் கடல் ஓடுகிறது என்றும் அவர் சேர்த்து எழுதினார். தனுஷ்கோடி முனையில் நின்று மணல் திட்டுகளைப் பார்த்தவர்கள் இதைவிடச் சரியாக வர்ணிக்க முடியாது. ஸரன்தீப் வளைகுடாவில், அதாவது நம் மன்னார் வளைகுடாப் பக்கம், முன்பு முத்துப் படுகைகள் இருந்தன, இப்போது அவை கைவிடப்பட்டுவிட்டன என்ற செய்தியும் அதே நூலில் உண்டு. இங்கே மறைந்த முத்துகள் ஆப்பிரிக்கக் கரையின் ஸுஃபாலாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக அன்றைய வணிகர்கள் பேசிக்கொண்டார்களாம்.

அந்த நூல் கிதாபுல் ஹிந்த். எழுதி முடித்த ஆண்டு 1030. எழுதியவர் அபூ ரைஹான் முஹம்மத் இப்னு அஹ்மத் அல்பிரூனி. அவர் ராமேஸ்வரத்துக்கு வரவே இல்லை. பஞ்சாப் பகுதியைத் தாண்டி இந்தியாவுக்குள் தான் செல்லவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதிவைத்தார். கேட்டு எழுதியதைக் கேட்டது என்றும், அளந்ததை அளந்தது என்றும் பிரித்துச் சொல்வது அவர் வழக்கம்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வருகிறது: நியூட்டனுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி புவியீர்ப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று. பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, ஆசிரியர் ஆதாரம் கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அவர் ஈர்ப்பு விதியைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த விதிக்குத் தேவையான இரண்டு அளவுகளைத் தேடுவதில்தான் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். ஒன்று, பொருள்களின் எடை. இன்னொன்று, பூமியின் மையம் நம் காலடியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது.

ஹிஜ்ரி 362 துல்ஹஜ் மாதம், கி.பி. 973 செப்டம்பரில், குவாரஸ்ம் நாட்டின் காத் நகரத்துக்கு வெளியே அவர் பிறந்தார். இன்று அந்த இடம் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. பாரசீகத்தில் பிரூன் என்றால் வெளிப்புறம். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதால் பிரூனி. பெரிய குடும்பப் பின்னணி இல்லாத அவருக்கு வாய்த்த ஆசிரியரோ அரச குடும்பத்தவர்: அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக், அக்காலத்தின் சிறந்த கணித அறிஞர்களில் ஒருவர். பதினேழு வயதிலேயே சூரியன் உச்சிக்கு வரும் உயரத்தை அளந்து தன் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார் அல்பிரூனி.

995இல் குவாரஸ்மில் ஆட்சி கவிழ்ந்தது. ஆசிரியரின் குடும்பம் அரசை இழக்க, இருபத்திரண்டு வயது அல்பிரூனி ஊரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் வாழ்வில் நிலையான இருப்பிடம் என்று ஒன்று நெடுங்காலம் அமையவில்லை. ஆனாலும் 997ஆம் ஆண்டு மே மாதச் சந்திர கிரகணத்தை அவர் காத்திலிருந்தும், பக்தாதில் இருந்த அபுல் வஃபா அங்கிருந்தும், முன்கூட்டியே பேசிவைத்துப் பார்த்தார்கள். ஒரே கிரகணம் இரண்டு ஊர்களில் என்ன நேரத்தில் தெரிந்தது என்ற வித்தியாசத்தைக் கொண்டு இரு நகரங்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் இரண்டு பேர் கடிதம் போட்டுச் செய்த காரியம் இது.

இந்தக் காலத்தை ஒட்டித்தான் இப்னு ஸீனாவுடன் அவருடைய புகழ்பெற்ற கடிதப் போக்குவரத்து நடந்தது. அல்பிரூனிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், இப்னு ஸீனா இன்னும் இளையவர். அரிஸ்டாட்டில் சொன்னவற்றைத் தொட்டு அல்பிரூனி பதினெட்டுக் கேள்விகள் அனுப்பினார். வானத்துப் பொருள்களுக்குக் கனமும் இல்லை, இலேசும் இல்லை என்று அரிஸ்டாட்டில் சொன்னதை ஏன் அப்படியே ஏற்க வேண்டும் என்பது முதல் கேள்வி. வட்டமாகச் சுற்றுகிற ஒன்றுக்கும் கனம் இருக்கக் கூடாதா? பனிக்கட்டி தண்ணீரைவிடக் குளிர்ந்தது, இறுகியது. பிறகு ஏன் மிதக்கிறது? இப்படிப் போனது அந்தப் பட்டியல். இப்னு ஸீனா அரிஸ்டாட்டில் பக்கம் நின்று பதில் எழுத, அல்பிரூனி திருப்தி அடையாமல் திருப்பிக் கேட்டார்.

அந்த முதல் கேள்வியைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நிலா ஏன் கீழே விழாமல் சுற்றுகிறது என்று கேட்கத் தொடங்குவதற்கு, நிலாவுக்கும் கல்லுக்கும் ஒரே இயல்பு இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1017இல் அடுத்த இடி விழுந்தது. கஜினி முகம்மது என்று நம் பாடநூல்கள் எழுதும் சுல்தான் மஹ்மூத் குவாரஸ்மைக் கைப்பற்றி, அங்கிருந்த அறிஞர்களைத் தன் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அல்பிரூனியும் அவர் ஆசிரியர் அபூ நஸ்ரும் அவர்களில் இருந்தார்கள். இப்னு ஸீனா அதற்கு முன்பே வேறு நாட்டுக்குத் தப்பிவிட்டார். அல்பிரூனி கைதியா, அரசவை அறிஞரா என்று பிரித்துச் சொல்வது கடினம். மறு ஆண்டு காபூலுக்கு அருகே ஒரு கிராமத்தில், கையில் எந்தக் கருவியும் இல்லாத நிலையில், கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் ஒரு வட்ட வில்லை வரைந்து, அளவுக் கோடுகள் கீறி, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டு போல ஒரு கனத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சூரியனின் உயரத்தை அளந்தார். தூக்குக் குண்டின் நூல் எங்கே கொண்டு போய் வைத்தாலும் பூமியின் மையத்தைத்தான் காட்டும். அவருக்கு மிஞ்சியிருந்த கருவி அந்த ஈர்ப்பு ஒன்றுதான்.

கஸ்னியிலிருந்து கிப்லா எந்தத் திசை என்பதைத் துல்லியமாகக் கண்டறிய ஒரு முழு நூலே எழுதினார். 1025இல் முடிந்த அந்த நூலில்தான், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நந்தனா கோட்டையில் அவர் செய்த வேலையின் விவரம் வருகிறது. கிப்லாவைக் கணக்கிட ஊர்களின் இடம் தெரிய வேண்டும். தூரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடப் போனால் பூமியின் அளவும் தெரிய வேண்டும். தொழுகைக்குத் திசை தேடிப் புறப்பட்ட கணக்கு அவரைப் பூமியின் மையம் வரை கொண்டு போனது.

நந்தனாவில் ஒரு மலை, அதன் எதிரே பரந்த சமவெளி. மலையின் உயரத்தை முதலில் அளந்தார்: 652 முழம். பிறகு உச்சியில் ஏறி, அடிவானம் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கோணம் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். ஒரு பாகையில் அறுபது கலை உண்டு, அதில் 34 கலை. பூமி தட்டையாக இருந்தால் இந்தத் தாழ்வு இருக்காது. பூமி சிறியதாக இருந்தால் தாழ்வு அதிகமாகும். இந்த இரண்டு எண்களையும் வைத்து முக்கோணக் கணக்குப் போட்டு, பூமியின் ஆரம் 1 கோடியே 28 லட்சம் முழத்துக்குச் சற்று அதிகம் என்று கண்டார். அவருடைய முழத்தை இன்றைய அளவுக்கு மாற்றினால் 6,340 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். இன்றைய சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர். அவருடைய முழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அடிவானத்து ஒளியைக் காற்று வளைத்துக் காட்டும், அதுவும் கோணத்தை மாற்றும். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று மார்தட்டுவதைவிட, ஒரே மலையில் ஒரு மனிதர் நின்று முழு உலகையும் அளக்கும் வழி இருக்கிறது என்று காட்டியதைச் சொல்வதே அவருக்குப் பெருமை.

நம் கரையில் இதைச் சரிபார்க்க மலைகூட வேண்டாம். தனுஷ்கோடி மணலில் நிற்கும் ஒருவருக்கு அடிவானம் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 30 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 20 கிலோமீட்டர் வரை கடல் தெரியும். தொலைவில் போகிற படகின் உடம்பு முதலில் மறைவதும் கொடிமரம் கடைசியில் மறைவதும் இதனால்தான். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

பூமியின் ஆரத்துக்கும் ஈர்ப்புக்கும் என்ன உறவு? 1687இல் நியூட்டன் வெளியிட்ட விதி இப்படிச் சொல்கிறது: எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டின் நிறையையும் பெருக்கி வரும் அளவுக்கு ஏற்ப இழுப்பு கூடும். இடையிலுள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால் பங்கு. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதில் தூரம் என்பது பூமியின் தரையிலிருந்து அல்ல, மையத்திலிருந்து. இங்கே கைவிட்ட தேங்காய் மையத்திலிருந்து ஓர் ஆரம் தூரத்தில் இருக்கிறது. நிலா அறுபது ஆரம் தூரத்தில் இருக்கிறது. அறுபதின் வர்க்கம் 3,600. ஆகவே தேங்காய் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழுந்தால், நிலா அதே ஒரு வினாடியில் தன் நேர்பாதையிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே பூமிப் பக்கம் விழ வேண்டும். அப்படித்தான் விழுகிறது. ஆனால் பூமியின் ஆரம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாதவருக்கு இந்தச் சோதனை கைகூடாது. நியூட்டனுக்கு அந்த எண்ணைக் கொடுத்தது பிரான்சில் 1670 வாக்கில் நடந்த அளவீடு. நந்தனாவின் கணக்கு ஐரோப்பாவை எட்டவில்லை.

அடுத்தது எடை. தங்கம், பாதரசம், வெள்ளி, செம்பு, ஈயம், மாணிக்கம், மரகதம், முத்து என்று உலோகங்களையும் கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவை நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்று அளந்தார். இதற்காக அவர் செய்த பாத்திரம் அடி அகன்று கழுத்து குறுகியது, பக்கவாட்டில் ஒரு மூக்கு வைத்தது. மூக்கு வரை நீர் நிரப்பி, பொருளை உள்ளே போட்டால், அதன் அளவுக்குச் சமமான நீர் வெளியே வழியும். அந்த நீரைத் தராசில் வைப்பார். தங்கம் நீரைவிட 19 மடங்குக்குச் சற்று அதிகம் என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய எண் 19.3. நகைக்கடையில் கலப்படம் பிடிக்க இன்றும் இதே தத்துவத்தில் இயங்கும் தராசு உண்டு. நம் முன்னோர் முத்துச் சலாபத்தில் கல்லைத் துணைக்குக் கொண்டு கடலுக்குள் இறங்கியதும் இந்தக் கணக்கில்தான்: மனித உடல் கடல்நீருக்குக் கிட்டத்தட்டச் சமமான கனம், கல் அதைவிட மிக அதிகம்.

ஒரே அளவுள்ள இரண்டு பொருளில் ஒன்றில் சரக்கு அதிகமாக அடங்கியிருக்கிறது என்று எண்ணால் காட்டியதுதான் இந்த அளவீட்டின் பயன். ஈர்ப்பு பார்ப்பது உருவத்தை அல்ல, அந்தச் சரக்கை. 60 கிலோ எடையுள்ள இரண்டு பேர் ஒரு மீட்டர் இடைவெளியில் ஸஃப்பில் நின்றால் அவர்களும் ஒருவரையொருவர் இழுக்கிறார்கள். ஒரு கிராமை நாற்பதாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கின் எடை அளவுக்குத்தான் அந்த இழுப்பு. பூமியின் நிறை பிரம்மாண்டமானது என்பதால் அதன் இழுப்பு மட்டும் நமக்குத் தெரிகிறது. 1798இல் கேவென்டிஷ் என்ற ஆங்கில அறிஞர் 158 கிலோ ஈயக் குண்டுகளை வைத்துத்தான் இந்த நுண்ணிய இழுப்பை ஆய்வறையில் முதன்முதலாகப் பிடித்துக் காட்டினார்.

கஸ்னியிலும் பஞ்சாபிலும் இருந்த ஆண்டுகளில் அல்பிரூனி சமஸ்கிருதம் கற்றார். நாற்பதைத் தாண்டிய வயதில், இந்திய அறிஞர்களிடம் மாணவர் போல உட்கார்ந்து கற்றார். பொருள்கள் பூமியில் விழுவது ஏன் என்ற கேள்விக்கு, பொருள்களைத் தன்பால் இழுத்துக்கொள்வது பூமியின் இயல்பு என்று ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் சொல்லியிருந்ததை அவர் கிதாபுல் ஹிந்தில் அவருடைய பெயரோடு பதிவு செய்தார். பூமி தன்னைத்தானே சுற்றினால் கல்லும் மரமும் சிதறி விழாதா என்ற ஆட்சேபத்துக்கு, மையத்தை நோக்கிய அந்த இழுப்பே பதில் என்பதையும் விளக்கினார். வேறு மதத்தவரின் நூல் என்பதால் அவர் ஒன்றையும் குறைக்கவில்லை. தவறென்று பட்ட இடத்தில் தயவும் காட்டவில்லை. தன்னைக் கொண்டுவந்த சுல்தானின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தை அழித்தன, அதனால் அவர்களுடைய கல்வி எட்டாத இடங்களுக்கு ஒதுங்கிப் போனது என்றும் எழுதினார். சுல்தானின் தலைநகரில் இருந்துகொண்டு இதை எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

அந்த நூலில் கடல் ஏறி வற்றுவதைப் பற்றியும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. நிலா உதிப்பதையும் மறைவதையும் கொண்டு அன்றாட ஏற்ற இறக்கத்தையும், வளர்பிறை தேய்பிறையைக் கொண்டு மாத ஏற்ற இறக்கத்தையும் இந்தியாவில் படித்தவர்கள் கணிக்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் உண்மையான காரணம் அவர்களுக்குப் புரிபடவில்லை என்று குறித்தார். அந்தக் காரணம் அவருக்கும் கிடைக்கவில்லை. அது நிறையும் தூரமும் சேர்ந்து நடத்தும் வேலை. சூரியன் நிலாவைவிட 2 கோடியே 70 லட்சம் மடங்கு நிறை கூடியது, ஆனால் சுமார் 390 மடங்கு தூரத்தில் இருக்கிறது. பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் விழும் இழுப்பின் வித்தியாசம்தான் கடலை ஏற்றுகிறது. அந்த வித்தியாசம் தூரத்தோடு இன்னும் வேகமாகக் குறையும். அதனால் கடலை ஏற்றுவதில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. பிறை 13, 14, 15இல் அய்யாமுல் பீழ் நோன்பு வைக்கும் நாள்களை ஒட்டிப் பாம்பன் கரையில் கடல் வழக்கத்தைவிட ஏறி நிற்பது இதனால்தான். நம் பக்கத்தில் ஏற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைத் தொடும்.

நம் கடலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், பூமிக்கடியில் நிறை சற்றுக் குறைந்திருப்பதால் ஈர்ப்பு உலகிலேயே மிகவும் தளர்ந்திருக்கும் பெரும் பரப்பு ஒன்று இருக்கிறது. அங்கே கடல் மட்டமே கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பள்ளத்தைச் செயற்கைக்கோள்கள் அளந்து சொல்கின்றன. செயற்கைக்கோள் ஒன்றை இந்திய ராக்கெட்டில் முதன்முதலாக 1980 ஜூலை 18 அன்று விண்ணில் நிறுத்திய குழுவின் தலைவர் நம் ராமேஸ்வரத்துக்காரர் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அல்பிரூனியின் எடைக் கணக்குகளை அவருக்குப் பின் பாதுகாத்துத் தந்தவர் மர்வ் நகரத்தின் அல்காஸினி. 1121 வாக்கில் எழுதிய மீஸானுல் ஹிக்மா என்ற நூலில் அவர் அந்த அளவீடுகளைச் சேர்த்துக்கொண்டதோடு, ஒரு பொருளின் கனம் உலக மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து மாறும் என்றும் எழுதினார். தூரத்தை ஈர்ப்போடு இணைத்த பழைய பதிவுகளில் இது முக்கியமானது. ஆனால் தூரம் கூடக் கூடக் கனமும் கூடும் என்பது அவர் முடிவு. பூமிக்கு வெளியே உண்மை அதற்கு நேர்மாறு. இந்தப் பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் பரப்புவது அந்த அறிஞர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் தராசில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தவர்கள் அல்ல.

1030இல் மஹ்மூத் இறந்து, மகன் மஸ்வூத் அரியணை ஏறினார். அவர் காலத்தில் அல்பிரூனிக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. வானியலில் தன் பெரிய நூலான அல்கானூனுல் மஸ்வூதியை அந்த சுல்தான் பெயரில் எழுதினார். பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளி வந்ததாகவும், அது தனக்குத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் எழுதுகிறார். மாணிக்கம், முத்து பற்றிய நூலை அடுத்த சுல்தான் மவ்தூத் காலத்தில் எழுதினார். அறுபத்தைந்து வயதில் அவரே தயாரித்த பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கிடைக்கவில்லை. கிதாபுல் ஹிந்த் 1887இல்தான் லண்டனில் அச்சேறியது. அச்சிட்டவர் ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் ஸாகௌ.

அவருடைய கடைசி நேரத்தையும் யாகூத் பதிவு செய்திருக்கிறார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நிலையில் ஒரு ஃபகீஹ் அவரைப் பார்க்க வந்தார். வாரிசுரிமைச் சட்டத்தில் பாட்டிமார்களுக்குரிய பங்கு பற்றி முன்பு ஒருநாள் சொன்ன கணக்கை மறுபடி விளக்கும்படி அல்பிரூனி அவரிடம் கேட்டார். இந்த நிலையிலா என்று வந்தவர் இரக்கத்தோடு தயங்கினார். இதை அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது மேலல்லவா என்பது அல்பிரூனியின் பதிலாக இருந்தது. ஃபகீஹ் விளக்கினார், அல்பிரூனி அதைத் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். விடைபெற்று வீதியில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோதே அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. பரவலான கணக்குப்படி அது ஹிஜ்ரி 440, கி.பி. 1048.